மோட்டாரைக் கழற்றும் முன் அம்மாவைக் கேளுங்கள்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நமது மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, "வாஷிங் மெஷின் பற்றி எழுதுகிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஒருத்தன் சூரிய மின்சாரம்ங்கான், ஒருத்தன் செயற்கை நுண்ணறிவுங்கான், ஒருத்தன் மின்சாரக் கார்ங்கான். நீ துணி தொவைக்கிற மெஷினப் பத்தியாடே எழுதப் போற?" என்று கேட்டார். ஆமாம், அதைப் பற்றித்தான். மூன்று வருடம் படித்ததில் எனக்கு உறைத்த பெரிய பாடம் ஒன்று எங்கள் வீட்டுப் பின்வாசலில், ஒரு பழைய வாஷிங் மெஷினின் முன்னால்தான் கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகவே இருக்கும்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் சலவைத் தொழிலாளர் குடும்பம். என் ஆச்சி தாமிரபரணிக் கரையில் துணி வெளுத்தவள். உவர்மண் கரைத்த தண்ணீரில் துணிகளை நனைத்து, பானைக்கு மேல் அடுக்கி, இரவு முழுக்க அடியில் தீ எரித்து ஆவியில் வேகவைப்பார்கள். வெள்ளாவி என்று பெயர். விடியற்காலையில் ஆற்றுக்குத் தூக்கிப் போய்க் கல்லில் அடித்து அலசுவார்கள். நாற்பது வீட்டுத் துணி ஒன்றாகக் கலந்து கிடந்தாலும், சேங்கொட்டைச் சாற்றால் போட்ட குறியைப் பார்த்து எந்த வீட்டுத் துணி என்று ஆச்சி பிரித்துப் போட்டுவிடுவாள். ஒரு புள்ளி, இரண்டு கோடு, ஒரு கூட்டல் குறி, இவ்வளவுதான் அவளுடைய எழுத்து. பள்ளிக்கூட எழுத்து அவளுக்கு ஒன்றுகூடத் தெரியாது.

அப்பா தள்ளுவண்டியில் சிரட்டைக்கரிப் பெட்டி வைத்துத் தேய்த்துக் கொடுக்கிறார். அம்மா வீட்டில் துவைக்கிறாள். இரண்டு வீட்டுத் துணி, ஒரு மேன்ஷனில் தங்கி வேலை பார்க்கும் பையன்களின் துணி, போர்வை, படுக்கை விரிப்பு எல்லாம் வரும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

மூன்று வருடம் முன்னால், அப்பா தேய்த்துக் கொடுக்கும் வீடு ஒன்றில் புது மெஷின் வாங்கினார்கள். பழையதை, இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷினை, எங்களுக்கு 3,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். தேய்ப்புக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டார்கள். வண்டியிலிருந்து அதை இறக்கியபோது தெருவில் சிலர் கேலி பேசினார்கள். "தொவைக்கவங்க வீட்டுக்கே தொவைக்க மெஷினா?" என்றார்கள். அம்மா பதில் பேசவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது அவளுக்குத்தானே தெரியும்? ஈரப் போர்வையைப் பிழிந்து பார்த்தவர்களுக்கு, அந்த மெஷினில் பிழியும் தொட்டி எவ்வளவு பெரிய வரம் என்று புரியும்.

அந்தப் பிழியும் தொட்டிதான் போன ஐப்பசியில் நின்றுபோனது.

ஐப்பசி என்றால் எங்கள் பக்கம் அடைமழை. வெயிலே எட்டிப் பார்க்காது. தொட்டியில் சுற்றிப் பிழிந்த துணி என்றால் வீட்டுக்குள் கொடி கட்டியாவது ஒரு நாளில் காயப் போடலாம். கையால் பிழிந்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது, நாற்றம் எடுக்கும். மேன்ஷன் பையன்கள் இரண்டு தடவை பொறுப்பார்கள். மூன்றாம் தடவை வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே எங்கள் வீட்டில் அன்று நின்றது ஒரு மெஷின் மட்டும் அல்ல.

டைமரைத் திருகினால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனங்கும். தொட்டி சுற்றாது. சிறிது நேரத்தில் சூடான வாடை வரும். அவ்வளவுதான்.

"எய்யா, நீ கரண்டுக்குத்தான படிக்க? இதக் கொஞ்சம் பாரேன்" என்றாள் அம்மா. அதைக் கேட்டபோது எனக்குள் எழுந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் மெஷினைத் தொடக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே, "கெப்பாசிட்டர் போயிருக்கும்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தேர்வுக்குப் படித்தது அது. ஒற்றைக் கட்ட இண்டக்‌ஷன் மோட்டார் தானாகப் புறப்படாது. முதன்மைச் சுற்று ஒன்று மட்டும் இருந்தால் அதன் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிரச் சுழலாது. துணைச் சுற்றோடு ஒரு கெப்பாசிட்டரைத் தொடராக இணைத்து, அதில் ஓடும் மின்னோட்டத்தை முன்கூட்டித் தள்ளினால்தான் சுழலும் புலம் உண்டாகும். கெப்பாசிட்டர் செத்துப்போனால் மோட்டார் முனங்கும், சுற்றாது. பத்து மதிப்பெண் கேள்வி. வரைபடத்தோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். எனவே முனங்குகிறது என்றால் கெப்பாசிட்டர், முடிந்தது கதை!

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். "இல்லய்யா, நாலஞ்சு நாளாவே அந்த மூடிய..." என்று ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. "நீ சும்மா இரும்மா. ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் எழுத வந்ததே அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

கடைவீதிக்குப் போய் 5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் என்று பழையதில் போட்டிருந்தபடியே பார்த்து 120 ரூபாய்க்குப் புதுக் கெப்பாசிட்டர் வாங்கி மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். அதே முனகல். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாடை அதிகமானது. சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதையும் நான் படித்துத்தான் இருந்தேன். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பழுதைத் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானே ஒரு புதுப் பழுதை உண்டாக்கிக்கொண்டிருந்தேன். (பிற்பாடு கல்லூரி லேபில் பழைய கெப்பாசிட்டரை அளந்தேன். 4.8 மைக்ரோ ஃபாரட் காட்டியது. நல்ல கெப்பாசிட்டரைத்தான் கழற்றி எறிந்திருக்கிறேன்!)

மறுநாள் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டி வந்தோம். அவரும் சுவிட்சைப் போட்டார், அரை நிமிடம் காது கொடுத்தார், மோந்து பார்த்தார். "கெப்பாசிட்டர் மாத்தியும் சுத்தலன்னா மோட்டார் காயில்தான். புதுசு 2,600, கூலி 400. மொத்தம் 3,000" என்றார். அவர் எங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். நான் புத்தகத்திலிருந்து ஊகித்தேன், அவர் அனுபவத்திலிருந்து ஊகித்தார். இரண்டு பேருமே அம்மாவைக் கேட்கவில்லை. அவள் அடுக்களை நிலையில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

அன்று இரவு அம்மா மகளிர் குழுவில் 3,000 ரூபாய் கடன் கேட்கக் கிளம்பினாள். அந்த மாதம்தான் என் பரீட்சைக் கட்டணமும் கட்ட வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "மோட்டாரு போச்சுன்னா போன வாரம் மட்டும் எப்படிச் சுத்துச்சு? மூடிய நல்லா அமுக்குனா சுத்தும், கைய எடுத்தா முனங்கும். நாலு நாளா ஒரு கையால அமுக்கிக்கிட்டேதான பிழிஞ்சேன். நேத்துலேந்துதான் எவ்வளவு அமுக்கியும் கேக்க மாட்டேங்குது."

எனக்குச் சட்டென்று நெஞ்சில் அடித்தாற்போல் இருந்தது. மோட்டார் காயில் எரிந்திருந்தால் மூடியை அழுத்தினால் எப்படிச் சுற்றும்? கெப்பாசிட்டர் போயிருந்தால் மூடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? "கொஞ்சம் பொறும்மா, போவாத" என்று அவளை நிறுத்தினேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். மூடியை மூடியபடி வைத்துக்கொண்டு, பின்பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். பிழியும் மோட்டாரின் மேல், தொட்டியின் தண்டோடு சேர்ந்தாற்போல ஒரு பிரேக் இருக்கிறது. மூடியைத் திறந்தால் தொட்டி உடனே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கையை விட்டவருக்குக் கை போய்விடும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மூடி மூடியிருக்கும்போது ஒரு கம்பி பிரேக்கை இழுத்து விலக்கிப் பிடித்திருக்கும். மூடியைத் திறந்தால் கம்பி தளரும், மின்சாரமும் நிற்கும், பிரேக்கும் கவ்வும். எங்கள் மெஷினில் கம்பி நாளாவட்டத்தில் நீண்டு தொய்ந்துவிட்டது. மூடி மூடியிருந்தும் பிரேக் விலகவில்லை. கையால் தொட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கல்லாக நின்றது. மோட்டார் பாவம், கவ்விய பிரேக்கோடு மல்லுக்கட்டி முனங்கியிருக்கிறது. அம்மா மூடியை அழுத்தியபோது கம்பி கொஞ்சம் கூடுதலாக இழுபட்டு பிரேக் விலகியிருக்கிறது. தொய்வு அதிகமானதும் அதுவும் பலிக்கவில்லை.

கம்பியின் நுனியில் பிளாஸ்டிக் பட்டையில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. ஒரு ஓட்டை தள்ளிக் கொக்கியில் மாட்டினேன். தொட்டி கைக்கு லகுவாகச் சுற்றியது. தகட்டை மூடி, பிளக்கைச் சொருகி, டைமரைத் திருகினேன். சுற்றியது! மூடியைத் திறந்தேன், சில நொடியில் நின்றது. மூன்று தடவை அப்படியே சோதித்தேன். செலவு ஒரு பைசா இல்லை. அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஊறிக் கிடந்த போர்வைகளை எடுக்கப் போய்விட்டாள். "நான் அப்பமே சொன்னேன்லா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

பழுது பார்ப்பது என்றால் பாகத்தை மாற்றுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. பழுதைப் பார்ப்பதுதான் முதல் வேலை, மாற்றுவது கடைசி வேலை. திருக்குறளில் மருந்து என்பது 95ஆம் அதிகாரம். அங்கே வள்ளுவர் நோய் எது என்று பார், அது எதனால் வந்தது என்று பார், தணிக்கும் வழியைப் பார், அதற்குப் பிறகு செய் என்று வரிசை வைத்திருக்கிறார். நான் நான்காவதிலிருந்து ஆரம்பித்தேன். டாக்டரிடம் போனால் அவர் முதலில் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதில்லை. "என்ன செய்யுது? எத்தனை நாளா?" என்றுதான் கேட்கிறார். மனிதருக்கு வாய் இருக்கிறது, சொல்லிவிடுவார். மெஷினுக்கு வாய் இல்லை. அதற்குப் பதிலாகச் சொல்லக்கூடியவர் அதைத் தினமும் கையாள்கிற ஆள்தான். எங்கள் வீட்டில் அந்த மெஷினோடு மூன்று வருடம் பழகியவள் அம்மா. நான் அதன் வரைபடத்தோடு பழகியவன்.

ஆகவே எனது தாழ்மையான யோசனை: பழுது தேடும்போது கேள்விகளை, செலவு குறைந்ததிலிருந்து செலவு கூடியதற்கு வரிசையாக அடுக்க வேண்டும். 

முதலில் காது. பயன்படுத்துகிறவரிடம் மூன்று கேள்வி: எப்போதிலிருந்து? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? எப்படிச் செய்தால் சரியாகிறது அல்லது மோசமாகிறது? இரண்டாவது கண். பிளக்கில் கரண்ட் வருகிறதா? ஒயரை எலி கடித்திருக்கிறதா? நம் ஊரில் அடிப்பக்கம் திறந்த மெஷினுக்குள் எலி புகுந்து ஒயரைக் கடிப்பது சாதாரணம். மூன்றாவது கை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டியது. நான்காவது திருப்புளி. ஐந்தாவது மீட்டர். ஆறாவதுதான் பணம். நான் ஆறாவதிலிருந்து ஆரம்பித்து 120 ரூபாய் தோற்றேன். மூன்றாவதைச் செய்திருந்தால், தொட்டி இறுகி நிற்பது தெரிந்திருக்கும். கெப்பாசிட்டர் போனால் தொட்டி இறுகாது என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்கும் புரியும்.

இந்த வரிசைப்படி பார்த்தால் வீட்டிலேயே தீரும் பழுதுகள் நிறைய. துவைக்கும் பக்கம் மோட்டார் ஓடுகிறது, அடிச்சக்கரம் சுற்றவில்லை என்றால், பெல்ட் தளர்ந்தோ கழன்றோ இருக்கலாம். மோட்டாரே திணறுகிறது என்றால் சக்கரத்துக்கு அடியில் காசோ, கொக்கியோ சிக்கியிருக்கலாம். துவைக்கும்போதே தண்ணீர் வடிந்து போகிறது என்றால் வெளியேற்றும் ரப்பர் வால்வில் நூல்பிசிறு அடைத்திருக்கும். பிழியும் தொட்டி 'தடதட'வென்று உதறுகிறது என்றால் பெரும்பாலும் துணி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும், எடுத்துச் சமமாகப் பரப்பிப் போட்டால் போதும். பிழியும் தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் கைக்குட்டை விழுந்து சிக்குவதும் உண்டு. முழு ஆட்டோமேட்டிக் மெஷினில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால், குழாய் சேரும் இடத்திலுள்ள சின்ன வலையில் உப்புத் தண்ணீரின் காறை படிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். முன்பக்கம் திறக்கும் மெஷினில் தண்ணீர் வெளியேறாவிட்டால், அடியில் பம்புக்கு முன்னுள்ள வடிகட்டியில் பொத்தானும் ஊக்கும் கிடக்கின்றனவா என்று பார்க்கலாம். இவற்றில் எதற்கும் போர்டையும் மோட்டாரையும் மாற்ற வேண்டியதில்லை.

"இப்படி எல்லாரும் திருப்புளியைத் தூக்கினால் ஷாக் அடித்துச் சாக மாட்டார்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பிளக்கைப் பிடுங்காமல் எதையும் தொடாதே என்பது முதல் விதி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் நிற்கலாம், முறையாக வடிக்கத் தெரியாதவர் அதைத் தொடக்கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வேலை பார்க்கக்கூடாது. மூன்று முள் பிளக்கின் எர்த்தை வெட்டிவிட்டு இரண்டு முள்ளில் ஓட்டக்கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் வைத்தால் உயிருக்குப் பாதுகாப்பு. பிரேக் தொல்லை கொடுக்கிறது என்று அதையே கழற்றி எறிந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பழுது பார்ப்பதே அல்ல, பாவம். பிழியும் மோட்டார் நான்கு துருவ மோட்டார். 50 ஹெர்ட்ஸில் அதன் ஒத்தியக்க வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று, ஓடும்போது அதற்குச் சற்றுக் குறைவு. அந்த வேகத்தில் சேலை முந்தானை சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் செய்யக்கூடியதையும் செய்யக்கூடாததையும் சொல்லித் தருவதற்குத்தானே நாம் படிக்கிறோம்?

அடுத்து, நமது படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும், இது குறை அல்ல, கோரிக்கை. நமது மெஷின் லேபில் இருக்கும் மோட்டார் எல்லாம் நல்ல மோட்டார். இணைப்பு வரைபடம் முன்கூட்டியே தரப்படுகிறது. என்ன விடை வரும் என்பது ரெக்கார்டு நோட்டில் போன வருடத்து அண்ணனே எழுதி வைத்திருக்கிறார். நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிப்பதுபோல் நாம் படிக்கிறோம். லேபில் நான்கு மோட்டாரைப் பழுதாக்கி வையுங்கள் ஐயா! ஒன்றில் கெப்பாசிட்டரைக் கெடுத்து, ஒன்றில் பிரேக்கை இறுக்கி, ஒன்றில் ஒயரை அறுத்து வையுங்கள். எல்லாமே 'ம்ம்ம்' என்று முனங்கட்டும். எது எது என்று நாங்கள் கண்டுபிடிக்கிறோம். அன்றைக்குத்தான் அந்தப் பத்து மதிப்பெண் கேள்விக்கு எங்களுக்கு உண்மையில் விடை தெரியும்.

பொதுமக்களாகிய நம்மிடமும் ஒரு தவறு இருக்கிறது. மெக்கானிக் வந்து ஒரு மணி நேரம் தேடி, கொக்கியை ஒரு ஓட்டை தள்ளி மாட்டிவிட்டு 300 ரூபாய் கேட்டால் கொடுப்போமா? "ஒண்ணும் மாத்தலையே, எதுக்குத் துட்டு?" என்போம். மோட்டாரை மாற்றி 3,000 கேட்டால் முனகிக்கொண்டே கொடுத்துவிடுவோம். தேடுவதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்குத்தான் கூலி என்றால் அவர் எதைச் செய்வார்? அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நெசந்தாம்ல. கறை போவாதுன்னு கண்டு சொன்னா எவன் துட்டு தாரான்? தேச்சாத்தான் தாரான்" என்றார். பழுதைக் கண்டு சொல்வதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று நாம் ஏற்றுக்கொண்டால் பாதி மோட்டார்கள் பிழைக்கும்.

உலகம் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. 2009ல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் பழுதான சாமான்களைக் கொண்டு வருவார்கள், தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்து சேர்ந்து சரி செய்வார்கள். பிறகு பல நாடுகளுக்கும் அது பரவியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனிகள் முக்கிய உதிரி பாகங்களைக் குறைந்தது 10 வருடத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. நமது நாட்டிலும் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி மத்திய நுகர்வோர் துறை 2022ல் குழு அமைத்தது, அதே வருட டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கியது. உரிமை வருவது நல்லதுதான். உரிமையைப் பயன்படுத்தத் தெரிந்த கைகள் வேண்டாமா? அந்தக் கைகள் பாலிடெக்னிக்கில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

ஆகவே நமது மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பணிமனையைத் திறந்து வைத்து 'பழுது காணும் நாள்' நடத்துவோம். சுற்று வட்டாரத்து மக்கள் மிக்ஸியோ, காற்றாடியோ, இஸ்திரிப் பெட்டியோ கொண்டு வரட்டும். வாஷிங் மெஷினைத் தூக்கி வர முடியாதவர்கள் வீட்டுக்கு ஆசிரியரோடு நாம் போவோம். ஒரே ஒரு விதி வைப்போம். முதல் பத்து நிமிடம் யாரும் திருப்புளியைத் தொடக்கூடாது. கொண்டு வந்தவர் பேச வேண்டும், நாம் நோட்டில் எழுத வேண்டும். பேச்சு முடிந்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

அந்த விதி எதற்கு என்று கேட்பீர்கள். என்னைப் போல் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் இந்தக் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறோம். நமக்கென்று தனியாக ஒரு பழுது உண்டு நண்பர்களே. நாலு எழுத்துப் படித்தவுடன், படிக்காதவர்கள் சொல்வது காதில் விழாமல் போய்விடுகிறது. அவர்கள் கைநாட்டு வைப்பதைப் பார்த்து வெட்கப்படுகிறோம், நாற்பது வீட்டுக் குறியை நினைவு வைத்திருந்ததை மறந்துவிடுகிறோம். நம்மைப் படிக்க வைத்ததே அவர்களுடைய கைதான். அந்தக் கைக்குத் தெரிந்ததைக் கேட்காமல் போனால், நாம் படித்ததில் பாதி வீண்.

அம்மாவிடம் நான் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை. ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மெஷினுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். மெஷினில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் அம்மா அதில் ஒரு குறி போட வேண்டும். சத்தம் மாறினால் ஒரு கோடு, தண்ணீர் ஒழுகினால் ஒரு புள்ளி, வாடை வந்தால் ஒரு கூட்டல். நான் சாயங்காலம் வந்து, எது எப்போது நடந்தது என்று கேட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவேன். போன வாரம் இரண்டு புள்ளி இருந்தது. கேட்டேன். "போர்வை போட்டா மட்டும் அடியில சொட்டுதுய்யா, சட்டை போட்டா இல்ல" என்றாள்.

இந்தத் தடவை நான் எதையும் வாங்கக் கடைக்கு ஓடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எவ்வளவு நேரம் கழிச்சும்மா சொட்டுது?" என்று கேட்டேன்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள்!